நல்லதண்ணியிலிருந்து ஒரு கட்டு மிலாறு

2024 டிசம்பர் 23, மாலை நேரம். கொழும்பு பஸ்தியன் மாவத்தை பஸ் நிலையத்தில் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி பஸ் வந்து நின்றது. மலைச் சீசன் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மலையேறி இறங்கிய யாத்திரிகர்கள் காலை இழுத்து இழுத்து இறங்கினார்கள். எல்லோரும் இறங்கி முடிந்ததும் கண்டக்டர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குக் கட்டை எடுத்து, காத்திருந்த இளைஞரிடம் நீட்டினார்.

"பாத்துப் பிடிங்க தம்பி, குத்தும்."

சாக்குக்குள்ளே ஒரு கட்டு மிலாறு. கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் குச்சிகள்தான் மிலாறு. தோட்டத்தில் அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு வருவது. கொழும்பில் கேஸ் அடுப்பு வைத்திருக்கிறவருக்கு எதற்கு அது? கூடவே ஈரத் துணியில் சுற்றிய ஒரு பிடி பாசி, ஒரு பை தேயிலைத் தூள். அனுப்பியது நல்லதண்ணியில் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் அவருடைய அம்மா. மூன்று வயதுப் பேத்திக்குப் பாலன் குடில் கட்ட.

அந்த இளைஞரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நானும் மஸ்கெலியாப் பக்கத்து ஆள்தான். அவர் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை செய்கிறார். மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வத்தளையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். 24ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு முன் கடை மூடமாட்டார்கள். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸைப் பிடித்து நல்லதண்ணிக்குப் போவது? "இந்த வருஷமும் நத்தாருக்கு ஊருக்குப் போக முடியல அண்ணே" என்றார்.

ஊர் என்று அவர் சொன்னது நல்லதண்ணியை. அவருடைய முன்னோர் அதே நல்லதண்ணியில் நின்றுகொண்டு "நத்தாருக்கு ஊருக்குப் போக முடியல" என்று ஏங்கியபோது ஊர் என்று சொன்னது திருநெல்வேலிச் சீமையை. ஐந்தாறு தலைமுறைக்குள் அந்த ஒரு சொல் கடலைத் தாண்டித் திசை மாறி நிற்கிறது. அது எப்படி மாறியது என்பதுதான் மலையகக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை என்று நான் நினைக்கிறேன்.

திருநெல்வேலியில் அவர்கள் விட்டுவந்தது சின்ன உலகம் அல்ல. 1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து ஊழியம் தொடங்கிய பிறகு மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், டோனாவூர் என்று ஊர் ஊராகச் சபைகள் வளர்ந்தன. மார்கழி விடியற்காலையில் தெருத் தெருவாகப் பஜனை, கோயில் திருவிழா என்றால் ஊரே பந்தியில் உட்காரும் அசனம், வீட்டில் முந்திரிக்கொத்து, அதிரசம், சொந்தபந்தம். பண்டிகை என்றால் அவர்களுக்கு இவ்வளவும் சேர்ந்ததுதான்.

1854இல் இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. அதற்கு வைத்த பெயரே தமிழ்க் கூலி மிஷன். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். சர்ச் மிஷன் சங்கம் ஆள் கொடுத்தது. உபதேசியார்மாரைத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வரவழைத்தார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து தொழிலாளர்கள் மலை ஏறிய அதே பாதைதான் இவர்களில் பெரும்பாலோருக்கும். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களைக் கணக்கெடுத்து வைத்தவர் யாருமில்லை.

காப்பிக் காலத்தில் குடும்பம் குறைவு. பழம் பறிக்கிற காலத்துக்கு ஆண்கள் வருவார்கள். பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் இலைநோய் தொட்டது. அடுத்த இருபது வருஷத்தில் காப்பி அழிந்தது. பிறகு வந்த தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், பெண்கள் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள், குடும்பமாக வந்தவர்கள் திரும்பிப் போவதும் அரிது. மலாயாவுக்குப் போனவர்களில் தனி ஆட்கள் அதிகம். இலங்கைக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். லயத்துக் காம்பராவில் இளம் தம்பதியும் கைக்குழந்தையும் நத்தார் கொண்டாடத் தொடங்கியது இப்படித்தான், தேயிலைச் செடியின் குணத்தால்.

அந்தக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு கதவு, முன்னால் இஸ்தோப்பு, உள்ளே அடுப்பு. மழை பிடித்தால் புகை வெளியே போகாது. டிக்கோயாவில் 1878இல் துரைமார் கட்டிய வார்லி கோயிலை இன்றைக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் பார்க்கலாம். கல்லால் கட்டிய, கண்ணுக்குக் குளிர்ச்சியான கோயில். இங்கிலாந்தை விட்டு வந்த இளம் துரைக்கும் அது ஊரைவிட்டுத் தூரத்தில் வந்த நத்தார்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துரைக்கு ஆறு மாத லீவும் கப்பல் டிக்கட்டும் இருந்தன. லயத்துக் குடும்பத்துக்குக் கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டும் கடனும் இருந்தன. ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்பார்கள். காசு சேர்த்தவர்கள் ஊருக்குப் போய்வந்தார்கள். கடுதாசி போய்வந்தது. கல்யாணம் காட்சிக்குப் பெண் எடுக்கவும் போனார்கள். ஊர் எட்டிப்பிடிக்கிற தூரத்துக்கு வந்தது. அதனாலேயே ஏக்கம் கூடியது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

நல்லதண்ணி லயத்து நத்தாரை நான் என் கண்ணால் பார்த்த அளவுக்குச் சொல்கிறேன். எங்கள் சின்ன வயதில் பத்தாந்திகதி சம்பளம் போட்டதிலிருந்து பண்டிகை ஆரம்பம். சீட்டித் துணி எடுத்து மஸ்கெலியா தையற்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் நத்தாருக்குக் கிடைக்காது. கேக் மாவை வீட்டில் அடித்துத் தட்டில் ஊற்றி, துணி மூடி, தலையில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். பாண் சுட்டு முடித்த போறணைச் சூட்டில் வைத்து எடுத்துத் தருவார்கள். யாருடைய தட்டு எது என்று தெரிவதற்கு மாவின்மேல் முந்திரிப் பருப்பால் அடையாளம் வைப்போம். எங்களுடையது சிலுவைக் குறி.

குடில் கட்டுவது பிள்ளைகளின் வேலை. ஓடைக்கரைப் பாறையில் பாசியை உடையாமல் பெயர்த்தெடுக்க வேண்டும்; தகரத் துண்டை அடியில் கொடுத்து மெல்லத் தள்ளினால் பாய் மாதிரி வரும். தூண்களும் கூரையும் மிலாறு. தேயிலைக் குச்சி வளைந்தும் முடிச்சு விழுந்தும் இருக்கும், நேராக நிற்காது. ஒன்றோடொன்றைக் கோத்து வாழைநாரால் கட்டினால்தான் நிற்கும். கூரைமேல் பஞ்சு. பனி தெரியும் எங்களுக்கு, உறைபனி விழுந்து கிடப்பதைக் கண்டதில்லை. ஆனாலும் பஞ்சு வைக்காமல் குடில் முடிந்ததில்லை. மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டித் தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்போம். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். எங்கள் நட்சத்திரத்தைக் கூரைமேல் ஏறிக் கட்டித் தருவது அந்த வீட்டு மாமாதான். தீபாவளிப் பலகாரம் அங்கிருந்து இங்கே வரும், நத்தார்க் கேக் இங்கிருந்து அங்கே போகும். யாரும் கணக்கு வைத்ததில்லை.

நல்லதண்ணிக்கு மட்டும் வாய்த்த ஒன்று உண்டு. டிசம்பர் பௌர்ணமியில் மலைச் சீசன் தொடங்கும், மே மாத வெசாக் வரை நடக்கும். 2,243 மீட்டர் உயர உச்சிவரை படிக்கட்டு நெடுக விளக்கெரியும். இரவில் லயத்து வாசலில் நின்று பார்த்தால் இருட்டில் மலையே தெரியாது. விளக்கு வரிசை மட்டும் வானத்துக்கு வளைந்து வளைந்து ஏறிப்போகும். கீழே லயங்களில் நத்தார் நட்சத்திரங்கள். 2023இல் பௌர்ணமியே டிசம்பர் 26ஆம் திகதி விழுந்தது. நத்தாருக்கு மறுநாள் சீசன் தொடங்கியது. புத்தர் பாதம், சிவன் பாதம், பாவா ஆதம் பாதம், தோமையார் பாதம் என்று நான்கு சமயமும் உரிமை சொல்லும் மலையின் அடிவாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, நத்தார் என்றால் மலைமேல் விளக்கெரிகிற காலம். இந்தக் காட்சி திருநெல்வேலியில் கிடையாது. வத்தளையிலும் கிடையாது.

நத்தார் என்ற சொல்லே பாருங்கள். போர்த்துக்கேயரின் நத்தால்தான் இங்கே நத்தாராயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் எந்த நாளில் கிறிஸ்மஸை நத்தார் என்று சொல்லத் தொடங்கியதோ, அந்த நாளிலேயே அது இந்த மண்ணின் குடும்பமாகிவிட்டது. சட்டம் அதைக் கண்டுகொள்ள இன்னும் எத்தனையோ வருஷம் பிடித்தது.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கேயே பிறந்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வது. மூட்டையைப் பங்கு பிரிப்பது போல இரண்டு அரசாங்கங்கள் மனிதர்களைப் பிரித்துக்கொண்டன. அந்தக் குடும்பங்களில் ஒருவரிடமாவது கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இருக்காது. அதே வருஷம் டிசம்பர் 22 இரவு புயல் அடித்துத் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அங்கிருந்த மாதா கோயிலின் சுவர்கள் கூரையில்லாமல் இன்றைக்கும் நிற்கின்றன. நத்தாருக்கு இரண்டு நாள் இருந்தது. ஊருக்குப் போகும் பழைய வழி அன்றோடு அறுந்தது.

அதற்குப் பிறகு போனவர்கள் ராமேஸ்வரம் கப்பலில் போனார்கள். மலையகத்திலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் மாரடித்து அழுதார்கள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அழுதார்கள். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. கட்டிய மகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே. எழுபதுகளில் எங்கள் லயத்திலிருந்து போன குடும்பங்களுக்கு அங்கே மண்டபம் முகாம், அதன் பிறகு நீலகிரி. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு வைத்த தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்துக் கூடை.

அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. இங்கே இருந்தபோது இந்தியாக்காரங்க. கோத்தகிரியில் நத்தார் கொண்டாடிய அந்த இளம் குடும்பங்களுக்கு ஊர் என்றால் எது? நான் வாசித்த கடுதாசிகளில் அது மஸ்கெலியா. பிள்ளைகளுக்கு மாசிச் சம்பல் பிடிக்கவில்லை என்றும், இங்கே சொன்ன பாட்டை அங்கே வேறு ராகத்தில் பாடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். பாட்டனார் ஏங்கிய மண்ணுக்குப் பேரன் போய்ச் சேர்ந்தான்; போய்ச் சேர்ந்த இடத்தில் தான் விட்டுவந்த வீட்டுக்கு ஏங்கினான்.

பழைய மஸ்கெலியாவும் அதற்குள் போய்விட்டது. மவுசாகலை அணை கட்டியபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போக, புதிய டவுனை மேலே கட்டினார்கள். வறட்சி வந்து நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலை காட்டும். சனங்கள் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

இப்போது நல்லதண்ணி லயத்து நத்தாரில் ஆள் இல்லை. அதாவது, நடு வயதுக்காரரும் இளையவரும் இல்லை. பாட்டன் பாட்டி இருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா கொழும்பில் கடையில். அம்மா சவூதியிலோ கட்டாரிலோ வீட்டுவேலையில். தோட்ட வேலைக்கு இளைஞர்கள் நிற்பதில்லை என்று கம்பனிகள் குறைபடுகின்றன. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டது. 2024இல் 1,350 ஆனது. மழைநாளில் கொழுந்து குறைந்தால் அதுவும் அரைப் பேர், பாதி நாள் கூலி. இந்தக் கணக்கில் யார் நிற்பார்கள்?

ஆகவே ஊரைவிட்டுத் தூரத்தில் நத்தார் கொண்டாடுவது மறுபடி இளம் குடும்பங்களின் தலையெழுத்தாயிற்று. வித்தியாசம் உண்டு. அன்றைக்குக் கடுதாசி வர வாரக்கணக்காகும். இன்றைக்கு நள்ளிரவுத் திருப்பலி முடிந்த உடனே வீடியோ அழைப்பில் முகம் பார்க்கலாம். அன்றைக்கு வேலைக்கு வராவிட்டால் அட்டையில் பேர் வெட்டுவார்கள். இன்றைக்குக் கடையில் சம்பளம் வெட்டுவார்கள். அன்றைக்குக் கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஊரைப் பிரிந்தவர்கள், லயம் முழுக்க அழுகையும் பாட்டும் பொது. இன்றைக்கு வத்தளை அறையில் மூன்று பேர் மட்டும். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய தனிமையாகத் தெரிகிறது. தூரம் குறைந்திருக்கிறது என்று சொல்லி இதைச் சின்னதாக்கக் கூடாது.

24ஆம் திகதி இரவு பத்தரைக்கு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். பிள்ளை தூங்காமல் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவர் தரையில் பத்திரிகை விரித்து மிலாற்றைக் கொட்டினார். வாழைநார் இல்லை, ஆடைத் தொழிற்சாலையிலிருந்து மனைவி கொண்டுவந்த நூல்கண்டு இருந்தது. வளைந்த குச்சிகளை ஒன்றோடொன்று கோத்துக் காட்டினார். பிள்ளை ஒரு குச்சியை மோந்து பார்த்து, "இது நம்ம ஊர்க் குச்சியாப்பா?" என்று கேட்டதாம். கொழும்பில் பிறந்து, நல்லதண்ணியை இரண்டே முறை பார்த்த பிள்ளை. மறுநாள் காலை போனில் இதை எனக்குச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

"அடுத்த நத்தாருக்குக் கட்டாயம் வர்றோம் அம்மா" என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது. லயத்தைப் பறிகொடுத்தவர்கள் முகாம்களில் படுத்தார்கள். அம்மாவின் லயம் தப்பியது. பின்பக்க மண்மேடு மட்டும் இறங்கியிருந்தது. பாதை திறந்ததும் அவர் ஓடிப்போய்ப் பார்த்தார், ஐந்து நாள் நின்று மண் அள்ளினார். அந்த ஐந்து நாளோடு லீவு தீர்ந்தது. நத்தாருக்கு மறுபடி கொழும்பில்தான்.

அந்தக் காம்பரா இன்னும் அவர்கள் பெயரில் இல்லை. நான்கு தலைமுறை பிறந்து செத்த இடம், நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. 2003இல் சட்டம் வந்து எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. 2017இல் நோர்வுட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் 10,000 வீடு அறிவித்துப் போனார். 2023இல் மலையக மக்கள் 200 வருஷத்தை நினைத்து, முன்னோர் நடந்த அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் காணியுரிமை முக்கியமானது. நத்தாருக்குத் திரும்பிவர ஏங்கும் ஓர் இடத்துக்கு உறுதிப்பத்திரம் கேட்பது பேராசையா? என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

காணிப் பிரச்சினை அரசாங்கம் தீர்க்க வேண்டியது. அதற்கு நாளாகும். நாளாகாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கொழும்பிலே, நீர்கொழும்பிலே, கண்டியிலே கடையும் ஹோட்டலும் வைத்திருப்பவர்களே, உங்களிடம் மலையகத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேலை செய்தால் டிசம்பர் 24ஆம் திகதி பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்களை அனுப்பிவிடுங்கள். சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கொழும்பிலிருந்து நல்லதண்ணிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. பன்னிரண்டுக்கு பஸ் ஏறினால் நள்ளிரவுப் பூசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.